மாடத்தி அத்தையின் கையெழுத்து

மாடத்தி அத்தையின் விரல் எந்தக் கண்ணாடியிலும் விழாது. ரேசன் கடை மெஷினில் விழாது. பேங்க் மெஷினில் விழாது. மகள் உமாராணி வாங்கிக் கொடுத்த டச் போனிலும் விழாது. போன் அடித்தால் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் நீட்டி, "இதத் தள்ளி விடுளா" என்பாள். இருபத்தாறு வருஷம் உப்பு வாரிய கை அது. ரேகை தேய்ந்து, தோல் காய்ந்த புளியம்பட்டை மாதிரி ஆகிவிட்டது.

மாப்பிள்ளையூரணிக்குக் கிழக்கே, எங்கள் தெருவில் உப்பளத்துக்குப் போகிற பெண்கள் எல்லாருக்கும் அப்படித்தான். அதனால் ரேசன் கடைக்கு வீட்டில் யார் விரல் விழுமோ அந்த ஆள் போகணும். பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். கடைக்கார இசக்கியப்பன் அண்ணாச்சி வரிசையைப் பார்த்து, "விரல் உள்ள ஆளு மட்டும் நில்லுங்க, மத்தவுக நெழல்ல போயி உக்காருங்க" என்பார். எங்கள் வீட்டு விரல் நான். ஆறாம் வகுப்பிலிருந்து நான்தான். அம்மாவுக்குப் பதிலாக நான் விரல் வைப்பதும், ஆச்சிக்குப் பதிலாகப் பேரன் விரல் வைப்பதும் எங்கள் தெருவில் யாருக்கும் தப்பாகத் தெரிந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தப்பிப்பதற்காகச் சொல்லவில்லை. நடந்தது எப்படி நடந்தது என்று புரியணும், அதற்குத்தான்.

சித்திரை மாசம் பிளஸ் டூ பரீட்சை முடிந்து சும்மா இருந்தேன். தூத்துக்குடியில் ஸ்டூடியோ வைத்திருக்கிற நேசக்குமார் அண்ணன் கல்யாணப் படம் எடுக்கிறவர். கல்யாணம் இல்லாத நாளில் படம் எடுத்து கேட்கிறவர்களுக்குப் படம் விற்கிற ஏதோ வெளிநாட்டு வெப்சைட்டுக்கு அனுப்புவார். உப்பளத்துப் பெண்களை எடுக்கணும், கூட நின்று பேசவும் ஃபார்ம் நிரப்பவும் இங்கிலீஷ் தெரிந்த ஒரு பிள்ளை வேணும் என்று எங்கள் கோயில் திருவிழாவில் கேட்டார். அம்மா அமலோற்பவம் அதே அளத்தில் வேலை பார்க்கிறவள். "எங்கண் முன்னாலதான நிப்பா" என்று விட்டுவிட்டாள். வேலை நன்றாக இருந்தால் தன் பழைய கேமராவை எனக்குத் தருவதாக நேசக்குமார் அண்ணன் சொன்னார். எனக்கு அது போதும்.

விடியும் முன்னாலேயே போனோம். பெண்கள் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டு, தலையில் துண்டைக் கட்டி, காலில் கிழிந்த சாக்ஸுடன் பாத்திக்குள் நின்றார்கள். பலகையை இழுக்கும்போது உப்பு நறநறவென்று கரைக்கு வரும். அதை அள்ளிச் சுமந்து அம்பாரத்தில் கொட்டணும். வெயில் ஏற ஏறத் தரையெல்லாம் வெள்ளையாகக் கண்ணைக் குத்தும். நேசக்குமார் அண்ணன் வரப்பில் குப்புறப் படுத்துக்கொண்டு எடுத்தார். மாடத்தி அத்தையைத்தான் அதிகம் எடுத்தார். கை நிறைய உப்பை அள்ளி முகத்துக்கு நேரே நீட்டச் சொன்னார். முகமும் கையும் மட்டும் தெரிகிற மாதிரி.

ஒன்பதரை மணிக்கு மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்து எல்லாரும் தூக்குவாளியைத் திறந்தார்கள். பழையசோறு, சுட்ட கருவாடு, சின்ன வெங்காயம். நான் போனை எடுத்துக்கொண்டு ஒவ்வொருத்தரிடமாகப் போனேன். அதில் ஒரு ஆப். படத்தில் இருக்கிறவர் பேர், வயசு, ஊர் எல்லாம் தட்டி, அவர் முகத்தை ஒரு படம் எடுத்து, கீழே இருக்கிற கட்டத்தில் விரலால் கையெழுத்து வாங்கணும். பிறகு சாட்சி கையெழுத்து. அது நான்.

"இது என்னத்துக்குத் தம்பி?" என்று மாடத்தி அத்தை நேசக்குமார் அண்ணனிடம் கேட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா. படம் எடுக்க நீங்க சம்மதிச்சீங்கன்னு ஒரு எழுத்து. முந்தி பேப்பர்ல வாங்குவோம். இப்ப போன்லயே முடிஞ்சிரும்."

"சம்மதிக்காமத்தான் ரெண்டு மணி நேரமா வெயில்ல பல்லக் காட்டிக்கிட்டு நிக்கோமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அத்தை கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கட்டத்தில் விரலை வைத்து இழுத்தாள். ஒன்றும் விழவில்லை. அழுத்தி இழுத்தாள். ஒரு புள்ளி விழுந்தது.

"தண்ணி தொட்டு வைங்கத்த" என்றேன்.

தண்ணீர் தொட்டால் கோடு எங்கெங்கேயோ ஓடியது. பக்கத்தில் இருந்த பிரேமா அக்கா, "மாடத்தி, உன் வீட்டுக்காரரு கன்னத்தத் தடவுத மாதிரி பைய தடவுளா" என்றாள்.

"அங்கயும் விழாதுளா. அந்த மனுசனுக்கு உப்புத்தாள் வச்சி உரசுத மாதிரி இருக்காம்."

மறுபடியும் சிரிப்பு. மேஸ்திரி விசில் ஊதினார். அத்தை தூக்குவாளியை மூடிக்கொண்டே எழுந்தாள். "ஏளா ஷெர்லி, நீயே போட்டுரு. அந்தாளு கத்துவாரு."

நான் போட்டேன். சுடலைமாடத்தி என்று எழுத்துக்கூட்டி, அத்தை நோட்டில் எழுதுவது மாதிரி கொஞ்சம் கோணலாக. மற்றவர்களும், "எனக்கும் போட்டுருளா" என்று சொல்லிவிட்டுப் பாத்திக்குப் போய்விட்டார்கள். என் அம்மாவும் அப்படித்தான் சொன்னாள். இருபத்துமூன்று பேர். நேசக்குமார் அண்ணன் வந்து பார்த்தார். "எல்லாம் ஒண்ணுபோல இருக்காமப் பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னார்.

கையெழுத்துக்கு மேலே சின்னச் சின்னக் கட்டங்கள் இருந்தன. இங்கிலீஷில் நெருக்கி எழுதியிருந்தது. படிக்க நேரமில்லை. எல்லாவற்றிலும் டிக் போட்டேன். போட்டால்தான் அடுத்த பக்கம் போகும் என்று நினைத்தேன். சாட்சிக்கு வயசு கேட்டது. பதினேழு என்று தட்டினால் சிவப்பாக வந்தது. பதினெட்டு என்று தட்டினேன்.

போகும்போது எல்லாருக்கும் ஒரு துண்டும் ஒரு பிரியாணிப் பொட்டலமும் கொடுத்தார்கள். அதோடு மறந்துபோய்விட்டோம்.

ஆனியில் நான் காலேஜில் சேர்ந்தேன். உமாராணி அக்காவுக்கு உடன்குடியில் மாப்பிள்ளை அமைந்தது. பேர் இசக்கிராஜா. கருப்பட்டி மண்டி வைத்திருக்கிற குடும்பம். ஆவணிக் கடைசியில் நிச்சயம் என்று பேசி முடித்திருந்தார்கள். நிச்சயத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு திங்கட்கிழமை மாப்பிள்ளை வீட்டிலிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. மாடத்தி அத்தையின் முகமும் கையும். உப்பை வெட்டி எடுத்துவிட்டு வெறும் கையை மட்டும் வைத்திருந்தார்கள். வெடித்து, வெளுத்து, ஓரமெல்லாம் செதில் செதிலாக. மேலே எழுதியிருந்தது: "தோலில் உணர்ச்சி இல்லையா? தொழுநோயாக இருக்கலாம். மறைக்காதீர்கள்." கீழே வடக்கே எங்கேயோ உள்ள ஒரு அறக்கட்டளையின் பேர். படத்தோடு, யாரோ அவர்களுக்கு எழுதிக் கேட்டிருந்த ஒரு வரி. "இது உங்க சம்பந்தியம்மாவா?"

அத்தையின் வீட்டுக்காரர் ஆறுமுகநயினார் மாமா லாரியில் உப்பு மூட்டை ஏற்றுகிறவர். அதிகம் பேச மாட்டார். மறுநாள் வேலைக்குப் போகாமல் நேரே நேசக்குமார் அண்ணன் ஸ்டூடியோவுக்குப் போனார். மத்தியானம் ஒரு பேப்பரோடு வந்தார். ஆப்பிலிருந்து எடுத்த ஃபார்ம். இங்கிலீஷில் இருந்ததால் உமாராணி அக்கா வந்து என்னைக் கூப்பிட்டாள்.

நான் உள்ளே போனபோது மாமா நாற்காலியில் இருந்தார். அத்தை அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள்.

"வாசி பிள்ள" என்றார் மாமா. "ஒண்ணு விடாம வாசி."

வாசித்தேன். பேர், வயசு, ஊர், தேதி, மணி ஒன்பது நாற்பத்திரண்டு. படத்தை எந்த நாட்டிலும் எதற்கும் பயன்படுத்தலாம். நான்காவது கட்டத்துக்கு வந்தேன். படத்தில் இருப்பவரை நோய், குற்றம், வறுமை சம்பந்தப்பட்டவராகக் காட்டவும் சம்மதம். அதன் பக்கத்தில் 'விருப்பப்பட்டால் மட்டும்' என்று போட்டிருந்தது. டிக் இருந்தது. நான் போட்ட டிக்.

"கீழ?"

"கையெழுத்து மாமா."

"யாரு கையெழுத்து?"

"அத்தை பேரு போட்டிருக்கு."

மாமா அத்தையைப் பார்த்தார். "கேட்டியா? உன் மூஞ்சி இருக்கு, பேரு இருக்கு, கையெழுத்து இருக்கு. பொறவும் போடலன்னு சொல்லுத."

"நான் போடல" என்றாள் அத்தை.

"நீ போடாம பேயா வந்து போட்டுச்சி? உன் கை எனக்குத் தெரியும்ளா. அதுல சீக்கு இல்லன்னு எவன்ட்ட வேணும்னாலும் சொல்லுவேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம எழுதிக் குடுத்திருக்கியே, அதுதான் எனக்குப் புரியல. கேட்டா இல்லன்னு சொல்லுத. பொய் வேற."

"பொய் சொல்லல."

மாமா பேப்பரை என் பக்கம் திருப்பினார். "சாட்சின்னு உம் பேருல்லா இருக்கு. நீ பக்கத்துல நின்னியா?"

"நின்னேன் மாமா."

"இவ கையெழுத்துப் போட்டதப் பாத்தியா?"

அத்தை என்னைப் பார்த்தாள். அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். போலீஸ் வரும் என்று நினைத்தேன். காலேஜில் தெரியும் என்று நினைத்தேன். மாலத்தீவுக்குத் தோணியில் போயிருக்கிற அப்பாவை நினைத்தேன்.

"ஆமா மாமா" என்றேன்.

அத்தை திரும்பி அடுப்படிக்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள், "போடல" என்று கூடச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து மாமா வீட்டில் சாப்பிடவில்லை. லாரி ஷெட் பக்கத்துக் கடையில் புரோட்டா தின்றுவிட்டு வந்து படுத்தார். அத்தை வழக்கம்போல இரண்டு வேளையும் ஆக்கி மூடி வைத்தாள். காலையில் மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி அளத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே படத்தைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

வியாழக்கிழமை காலேஜ் விட்டு ஸ்டூடியோவுக்குப் போனேன். நேசக்குமார் அண்ணன் ஒரு பூப்புனித நீராட்டு ஆல்பத்தை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்.

"மாமா என்னய வந்து மிரட்டிட்டுப் போனாரு, தெரியுமா?"

"அண்ண, அந்தப் படத்த எடுக்கச் சொல்லுங்க."

"எடுக்கலாம். கேட்டுட்டேன். ஆப்லயே வித்ட்ராயல் ஃபார்ம் இருக்கு. சம்மதத்த வாபஸ் வாங்குதேன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பணும். ரெண்டு நாள்ல தூக்கிருவாங்க. ஆனா கையெழுத்து பழசோட ஒத்துப்போகணும். அங்கன ஆளு உக்காந்து பாப்பான்."

எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. "அப்ப நான்தான் போடணும்."

"வேற யாரு போட? மாடத்தியக்கா போட்டா ஒத்துப்போகாது. சத்தமில்லாம போட்டு விட்டுரு ஷெர்லி. படம் போயிரும். சோலி முடிஞ்சிரும்."

"அத்த போடலன்னு உண்மைய எழுதுனா?"

"உண்மைய எழுதுனா இருவத்துமூணு ஃபார்மும் கேன்சல். என் அக்கவுண்ட மூடிருவான். கள்ளக் கையெழுத்துன்னு உன்னையும் கேப்பான், என்னையும் கேப்பான். வீட்டுல ரெண்டு சின்னப் பிள்ளைகள வச்சிருக்கேம்மா." என்னைப் போலவே அவரும் பயந்திருந்தார். "உங்கம்மா ஃபார்மும் அதுல இருக்கு. அந்தக் கட்டத்துல அதுக்கும் டிக்குதான் போட்டிருக்க. யோசிச்சுக்கோ."

வித்ட்ராயல் ஃபார்மை என் போனில் இறக்கி விட்டார். வீட்டில் அதைத் திறந்து திறந்து பார்த்தேன். கையெழுத்துக் கட்டம் காலியாக இருந்தது. ஒரு தடவை விரலை வைத்து 'சு' வரை எழுதிவிட்டு அழித்தேன்.

சனிக்கிழமை குடிதண்ணீர் லாரி வந்தது. அத்தைக்குப் பின்னால் குடத்தோடு நின்றேன்.

"அத்த."

"உங்கம்மாட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லாத. உங்கப்பா வந்த பொறவு பாத்துக்கிடலாம். தனியாக் கெடந்து அடிச்சிக்கிடுவா."

"நீங்க ஏன் எம் பேரச் சொல்லல?"

அத்தை குடத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். "போடச் சொன்னது நாந்தான? அதான் முதல்ல சொல்லல. பொறவு நீ ஆமான்னுட்ட. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல? சின்னப் பிள்ளையோட மல்லுக்கு நிக்கவா?"

எனக்கு அழுகை வந்தது. அத்தை என் பக்கம் பார்க்கவில்லை. வண்டிக் குழாயைப் பார்த்தே பேசினாள்.

"படம் கெடந்தா கெடக்கு. இந்தக் கையோட நாளைக்கே ஆசுபத்திரிக்குப் போயி நின்னா சீக்கு இல்லன்னு டாக்டரு சொல்லிட்டுப் போறாரு. இருவத்தாறு வருசம் ஆக்கிப் போட்டிருக்கேன். பொய் சொல்லுதியான்னு ஒரு நாளு கேட்டது கெடையாது அந்த மனுசன். இப்ப எம் மூஞ்சியப் பாக்காம செருப்ப மாட்டிட்டுப் போறாரு. அதத்தான் என்னால தாங்க முடியல."

அவள் முறை வந்தது. குடத்தை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை உடன்குடியிலிருந்து மாப்பிள்ளையின் தாய்மாமா சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி வந்தார். வெள்ளை வேட்டி, ஒரு ஓலைப்பெட்டிக் கருப்பட்டி. பெட்டியை யார் கையிலும் கொடுக்காமல் தன் காலடியிலேயே வைத்துக்கொண்டார். தனியாக வந்திருந்தார். அதிலேயே பேச்சு எப்படி இருக்கும் என்று தெரிந்தது. அம்மா சர்ச்சில் பூசைக்குப் போயிருந்தாள். உமாராணி அக்கா வெளியே வரக் கூடாது என்பதால் காப்பி கொண்டுபோய்க் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள்.

அண்ணாச்சி காப்பியைக் கையில் வாங்கினார். குடிக்காமல் ஸ்டூலில் வைத்தார்.

"நான் சுத்தி வளைக்கல. சீக்குன்னு நாங்க பயப்படல. எங்க மண்டியிலயே ஒருத்தருக்கு வந்து, மாத்திரை தின்னு சரியாப் போயி, இன்னிக்கி மூட்ட தூக்குதாரு. டாக்டர்ட்ட ஒரு சீட்டு வாங்கிக் குடுத்தா வீட்டுப் பொம்பளைக வாய அடச்சிருவேன்."

"வாங்கித் தாரேன் அண்ணாச்சி" என்றார் மாமா.

"அது பெருசில்ல. புருசனுக்குத் தெரியாம, மகளுக்குத் தெரியாம, என்ன வேணும்னாலும் பண்ணிக்கோன்னு மூஞ்சிய எழுதிக் குடுத்திருக்காக. அதயும் இல்லன்னு சாதிக்காகளாமே? அந்த வீட்டுல பொண்ணெடுக்கலாமான்னு எங்க அக்கா கேக்கா. நான் என்ன பதில் சொல்ல?"

மாமா எழுந்து நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. மூட்டை ஏற்றுகிற மனுஷன், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தப்புதான் அண்ணாச்சி. எம் பொண்டாட்டி செஞ்ச தப்புக்கு நான் மன்னிப்புக் கேக்கேன்."

அடுப்படியில் அம்மிச் சத்தம் நின்றது.

என் கையில் தட்டு இருந்தது. அதைக் கீழே வைத்தேன். வைக்கும்போது சத்தம் கேட்டு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அத்த போடல மாமா. நான் போட்டேன்."

"என்னது?"

"அத்த விரலு போன்ல விழல. நான் அவுக பேர எழுதுனேன். டிக் எல்லாம் நாந்தான் போட்டேன். அதுல என்ன எழுதிருக்குன்னு அத்தைக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அன்னிக்கி நீங்க கேக்கும்போது பொய் சொல்லிட்டேன்."

மாமா என் கன்னத்தில் அறைவார் என்று நினைத்துக் கண்ணை மூடினேன். அறை விழவில்லை. திறந்து பார்த்தபோது அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அடுப்படி நிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை அங்கே வந்து நின்றாள். கையெல்லாம் தேங்காய்.

அண்ணாச்சிதான் பேசினார். "நீ யாரு பிள்ள?"

"பக்கத்து வீடு."

"இத எழுதிக் குடுப்பியா?"

"அதுக்கு ஃபார்ம் இல்ல. அந்த வெப்சைட்டுக்கு மெயிலுதான் போடணும்."

"போடு. போட்டுட்டு எனக்கு வாசிச்சுக் காட்டு."

தரையில் உட்கார்ந்து போனில் தட்டினேன். எழுத்து எழுத்தாக மாறி மாறி விழுந்தது. அழித்து அழித்து எழுதினேன். பிறகு தமிழில் சொன்னேன். "சித்திரை மாசம் உப்பளத்தில் எடுத்த இருபத்துமூன்று ஃபார்மிலும் இருக்கிற கையெழுத்து அந்தப் பெண்களுடையது இல்லை. என்னுடையது. சாட்சிக் கையெழுத்தும் என்னுடையதுதான். என் வயசு பதினெட்டு இல்லை, பதினேழு. படங்களை எடுத்துவிடவும்."

"இருவத்துமூணா?" என்றார் மாமா.

"ஆமா."

"அனுப்பிட்டியா?"

"இந்தா அனுப்புதேன்."

அனுப்பினேன். நேசக்குமார் அண்ணனின் பிள்ளைகள் ஞாபகம் வந்தது. அவரிடம் சொல்லாமல் அனுப்பிவிட்டேன் என்பது அதன் பிறகுதான் உறைத்தது.

அண்ணாச்சி எழுந்து வேட்டியைச் சரி செய்தார். "இது வேற கததான். ஆனா ஊரெல்லாம் சுத்துன படத்த மெயிலு போட்டு நிறுத்த முடியாது. எங்க அக்காட்ட நடந்தத அப்பிடியே சொல்லுதேன். அவ என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியாது. புதங்கிழம போன் பண்ணுதேன்." அத்தையைப் பார்த்து, "வாரேம்மா" என்றார். போகும்போது ஓலைப்பெட்டியை எடுத்துப் போகவில்லை. அது நல்லதுக்கா, மறதியா என்று எங்களுக்குத் தெரியவில்லை. உமாராணி அக்கா உள்ளறையிலிருந்து வந்து அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாமா ரொம்ப நேரம் வாசலில் நின்றார். பிறகு உள்ளே வந்து கை கழுவினார். தரையில் உட்கார்ந்தார். ஐந்து நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் சாப்பிட உட்காருகிறார்.

"ஏளா மாடத்தி, சோறு போடு."

அத்தை கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். "சட்டியில இருக்கு. போட்டுத் தின்னுங்க."

மாமா அவளை நிமிர்ந்து பார்த்தார். எழுந்து அடுப்படிக்குப் போனார். தட்டைத் தேடி இரண்டு மூன்று பாத்திரங்களை உருட்டுகிற சத்தம் கேட்டது. அத்தை அதைக் காதில் வாங்காத மாதிரி செருப்பைப் போட்டாள்.

"நீ எந்திரி" என்றாள் என்னிடம்.

"எங்கத்த?"

"மத்த இருவத்திரெண்டு பேருக்கும் யாரு சொல்லுவா? நாளைக்கி அவுக மூஞ்சியும் எங்கயாச்சும் வரும். வந்த பொறவு தெரியவா? நீ வந்து நின்னு சொல்லு. நான் கூட நிக்கேன். பேசுதது நீதான், நான் வாயத் தொறக்க மாட்டேன்."

தெருவில் வெயில் சுள்ளென்று இருந்தது. பூசை முடிந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அத்தை முன்னால் போகவில்லை. நான் நடக்கட்டும் என்று நின்றாள்.

"முதல்ல யாரு வீடு?" என்று கேட்டாள்.

தலையில் முக்காட்டோடு அம்மா தெருமுனையில் திரும்பினாள். எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"எங்க வீடு" என்றேன்.